பீரோவுக்குள் வைத்த மோடம்

தொழிற்சாலையில் நல்ல பெயர் வாங்கியவனிடம் வீட்டு விசேஷப் பொறுப்பு எதையும் ஒப்படைக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் என்மேல் மரியாதை உண்டு. அதைவிடப் பெரிய மரியாதை எனக்கே என்மேல் இருந்தது.

வீட்டில் வயர்லெஸ் இன்டர்நெட் வைத்திருந்தால் தெருவே திரும்பிப் பார்த்த காலம் அது. தினமும் கரண்ட் போன காலமும் அதுதான்.

அப்பா போனபின் தங்கை சுமதிக்கு மாப்பிள்ளை தேடும் வேலை என் தலையில் விழுந்தது. வந்த வரன்கள் எல்லாம் ஜாதகம், நிறம், உயரம் என்று ஏதோ காரணத்தில் தட்டிப்போயின. கடைசியாக ஒரு சிங்கப்பூர் பையன். அவன் போட்டோவை மட்டும் சுமதி மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தாள். "இவர் பரவால்லண்ணா" என்றாள். அவள் வாயால் அப்படி ஒரு வார்த்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. வேப்பனப்பள்ளியிலிருந்து அவனுடைய அப்பா அம்மா நேரில் வருவது, அவன் லேப்டாப் வழியாகப் பெண் பார்ப்பது என்று முடிவானது. "எங்க வீட்ல வயரே இல்லாம நெட்டு வருமுங்க" என்று அளந்துவிட்டவன் நான்தான். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. ஆறு மணிக்குக் கரண்ட் போய்விடும்.

சனிக்கிழமை எல்லாம் அருமையாக வேலை செய்தது. ஞாயிறு காலையில் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. எங்கள் கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று ஒரு ஜப்பானிய வேதம் உண்டு. கண்ணில் படும்படி எதுவும் இறைந்து கிடக்கக் கூடாது. சம்பந்தி வீட்டார் வரும்போது மோடமும் வயரும் மேஜைமேல் கிடப்பதா? உள்ளறையில் இருந்த இரும்பு பீரோவுக்குள், அம்மாவின் பட்டுச்சேலைகளுக்குப் பக்கத்தில் மோடத்தை வைத்து, வயரைக் கதவிடுக்கில் வெளியே விட்டுச் சாத்தினேன். நின்று ரசித்தேன். (இரும்புக்குள் அடைத்தால் சிக்னல் வராது என்று படித்தவன்தான். பரீட்சைக்குப் படித்தது.)

ஐந்து மணிக்கு ஹாலில் லேப்டாப்பைத் திறந்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அணைத்துப் போட்டேன். இல்லை. லேப்டாப் விற்ற பெங்களூர் கடைக்காரருக்கு போன் செய்தேன். "ஆஃப் மாடி, ஆன் மாடி சார்" என்று அணைத்துப் போடச் சொன்னார் கன்னடத்தில். மாடினேன். இல்லை. உள்ளே போய் பீரோவைத் திறந்து பார்த்தேன். மோடத்தில் பச்சை விளக்கு ஜோராக எரிந்தது. மோடத்தில் குற்றமில்லை என்று தீர்ப்பெழுதி, பீரோவைப் பத்திரமாகச் சாத்திவிட்டு வந்தேன்.

அடுத்து ஒய்-ஒய் அனாலிசிஸ். மெஷின் நின்றால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போவோம். எங்கள் கம்பெனியில் அது எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. வீட்டிலும் இதைப் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். காலையில் லேப்டாப்பைத் துடைத்து வைத்தது யார்? சுமதி.

"அடுப்படியில சிக்னல் நல்லா கெடைக்கும்" என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, லேப்டாப்பையும் பட்டுச்சேலையில் இருந்த அவளையும் சமையலறைக்கு இழுத்துப் போனேன். அழைப்புப் பொத்தானைத் திருப்பித் திருப்பி அழுத்திக்கொண்டே பல்லைக் கடித்தேன்.

"எதைத் தொட்ட?"

"எதையும் தொடலண்ணா. துணியாலதான் தொடச்சேன்."

"ஒரு வேலை உருப்படியா தெரியுதா? இப்படி இருந்தா எவன்டி உன்னைக் கட்டிக்குவான்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது லேப்டாப் பேசியது.

"ஹலோ... நான் வேணா அப்புறம் கூப்பிடட்டுமா?"

திரும்பினால் திரை முழுக்க மாப்பிள்ளை முகம். உள்ளறையில் அம்மா தாம்பூலத் தட்டு எடுக்க பீரோவைத் திறந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை. நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருந்தாலாவது யோசித்திருப்பான்.) அம்மா பீரோவைச் சாத்தினாள். வாய் பாதி திறந்தபடி அவன் முகம் உறைந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது.

பெரியவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கரண்ட் வந்ததும் சேலையை வைக்க சுமதியே பீரோவைத் திறந்தாள். அடுப்படியில் லேப்டாப் டிங்கென்றது. அவள் மோடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆபரேட்டர் தப்புன்னு எழுதிக்கோண்ணா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் விளக்கைப் போடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பையனுக்கு இப்போதைக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று தரகர் வந்து சொன்னார். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து கிருஷ்ணகிரியில் அவளுக்கு நல்ல இடம் அமைந்தது. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று அம்மா என்னைப் பால் வாங்க அனுப்பினாள். நிச்சயதார்த்தத்தன்றும் சரியாக அதே நேரத்தில் பால் தீர்ந்துபோனது. இப்போது வீட்டில் எந்த நல்ல காரியம் தொடங்கினாலும் "பால் இருக்கா பாரு" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்று பேசிய பேச்சுக்கு மட்டும் இன்றுவரை அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் சுமதி புது வீட்டில் பால் காய்ச்சினாள். எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். "அண்ணா, கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வந்துருண்ணா" என்றாள். பாத்திரம் நிறையப் பால் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.