உன் அக்காவுக்குப் புரியாத ஒரு வரி

கரவனெல்ல,
14.03.2007

பேரன்புக்குரிய மைத்துனர் கிருஷ்ணகுமாருக்கு,

அத்தான் இருளப்பன் எழுதிக்கொள்வது. முருகன் கிருபையால் இங்கே உன் அக்கா சுகம், கோழிகள் சுகம். நானும் உயிரோடுதான் இருக்கிறேன். எதைத் தின்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் என் பெருங்குடலிலிருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டியெடுத்த டாக்டர், இறைச்சியைக் குறைக்கச் சொன்னார் அல்லவா. உன் அக்கா மங்கையர்க்கரசி அதை ஒழிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். மறுநாளே கோதுமை மாவு வெளியேறிக் குரக்கன் ரொட்டி வந்தது, வெள்ளைச் சோறு போய்ச் சிவப்பரிசி வந்தது, முருங்கைக்கீரை வந்தது, நான் எழுந்து ஓடுவதற்குள் அகத்தியும் வந்துவிட்டது. கோழிகள்கூட என்னைக் கண்டு ஒதுங்குவதில்லை.

பொறுக்க முடியாமல் சனிக்கிழமை, ரம்புக்கனையில் கூட்டாளி கந்தையாவைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லி, மாவனல்லைக்கு பஸ் ஏறினேன். ஹபீஸாவின் சாப்பாட்டுக்கடையில் ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி கேட்டேன். அந்த அம்மா உன் அக்காவின் சிநேகிதி என்பதை என் நாக்கு மறந்துவிட்டது. வந்தது அவித்த கடலையும் பப்பாசியும்.

"இது என்னங்க?"

"மங்கையர்க்கரசி போன்ல கோல் எடுத்துச் சொல்லிட்டாங்க அண்ணன். ரம்புக்கனைன்னு கெளம்பினா நீங்க இங்கதான் வருவீங்களாம்."

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். "நான் என்ன ஆடா? தழையாத் திங்கிறதுக்கு?"

அவள் சட்டி கழுவியபடியே, "நீங்க போயிட்டா நான் யாருகூடங்க சண்டை போடுறது?" என்றாள். முகத்தைத் திருப்பவில்லை. அவள் தட்டிலும் அதே குரக்கன் ரொட்டிதான் இருந்தது. குரக்கன் வாசமே ஆகாதவள் என்று உனக்குத் தெரியும்.

நேற்று கிளினிக்கில் டாக்டரிடமே முறையிட்டேன். சாப்பாடு மட்டும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்தப் புற்றுநோய் வருத்தம் வந்த பிறகு நல்ல சாப்பாட்டுக்கு மாறியவர்கள் கூடுதல் காலம் இருப்பதைக் காண்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னார். ஸ்கேனும் சுத்தமாம். உன் அக்கா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியாக, இடைக்கிடை கொஞ்சம் கோழி சாப்பிடலாம் என்றார். சந்தையில் சிங்களத்திலேயே விலை பேசிச் சண்டை பிடிக்கும் உன் அக்காவுக்கு அந்த ஒரு வரி மட்டும் விளங்கவில்லையாம்.

ஆகவே நீ உடனே புறப்பட்டு வந்து எனக்காகப் பேச வேண்டும். தனுஜாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் அடுப்பில் எல்லாம் மணக்கட்டும்.

இப்படிக்கு,
பசியோடிருக்கும் அத்தான்,
இருளப்பன்

பி.கு.: உன் அக்கா இன்று காலை கேகாலைக்குக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா இரக்கப்பட்டு ஒரு கிண்ணம் ஆட்டுக்கறி கொண்டுவந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, ஒரே எண்ணெய். கடைசியில் நானே வல்லாரை பறித்துச் சம்பல் போட்டுச் சாப்பிட்டேன். நீ வர வேண்டாம். இதை அவளிடம் சொல்லவும் வேண்டாம்.