அத்தையின் மீது ஆழ்ந்த அக்கறை

மூத்தோரை மதிப்பதில் எங்கள் முக்குளிப்போர் சங்கத்தை மிஞ்ச நிலத்திலும் ஆளில்லை, நீரிலும் ஆளில்லை. சங்கத்தின் மூத்த உறுப்பினரும் என் மாமியாருமான அத்தைக்கு அறுபத்தேழு வயது ஆனதும், சங்கம் அவர்மீது ஆழ்ந்த அக்கறை கொண்டது. ஆழ்ந்த என்றால், பதினெட்டு மீட்டருக்குக் குறையாத ஆழம்.

படகுத்துறை அலுவலகத்தில் 'மூத்தோர் நலக் குழு' அவசரமாகக் கூடியது. குழுவில் மூத்தவர் எவரும் இல்லை. இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று தலைவர் தொலைநோக்கோடு தவிர்த்திருந்தார். தலைவருக்கு முப்பத்தொன்பது வயது. ஜிம்மில் முதுகு பிடித்துக்கொண்டதால் நின்றபடியே தலைமை வகித்தார்.

"வயசான உடம்பு. கடலுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?" என்றார்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரே," என்றேன்.

"அதான் சார் கவலையே! நல்லா இருக்கற உடம்புதானே இனிமே கெட முடியும்?"

இந்தத் தர்க்கத்தைக் குழு அப்படியே குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டது. அத்தையோடு இனி ஒரு 'பாதுகாப்புத் துணைவர்' இறங்குவார், அவர் தரும் அறிக்கையைப் பொறுத்தே அத்தை கடலில் நீடிப்பார் என்று தீர்மானம் நிறைவேறியது. துணைவர் பதவி, வீட்டு மாப்பிள்ளை என்ற ஒரே தகுதியால், என் தலையில் விழுந்தது.

படகில் துடுப்புக் காலணியை மாட்டிக்கொண்டே அத்தை கேட்டார்: "மாப்பிள்ள, நான் எதுக்குக் கடலுக்குள்ள போறேன் தெரியுமா?"

"மீன் பாக்கவா அத்தை?"

"அங்க ஒருத்தரும் எனக்கு அட்வைஸ் பண்ண முடியாது. மேல வந்தா என் பொண்ணு 'படி பாத்து ஏறும்மா'ங்கறா. கடைக்காரர் 'உக்காருங்கம்மா'ங்கறார். கீழ மீன்கூட வாயைத் திறந்து திறந்து மூடுது, ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது பாருங்க!"

சங்கம் இந்தக் குறையையும் போக்கியிருந்தது. நீருக்கடியில் எழுதும் பலகை ஒன்றை என் இடுப்பில் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

இறங்கியதும் கடமையைத் தொடங்கினேன். 'மெதுவாக நீந்தவும்' என்று எழுதிக் காட்டினேன். அத்தை ஓர் ஆமையின் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். அதைவிட மெதுவாக நீந்த ஆமைக்கே தெரியாது. 'களைப்பாக உள்ளதா?' என்று எழுதினேன். 'பதற்றம் வேண்டாம்' என்று எழுதத் தொடங்கினேன். எழுத எழுத எனக்கு மூச்சு வாங்கியது. 'பதற்றம்' என்பதில் எந்த 'ற' என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் சிலிண்டரில் காற்று தீர்ந்தது.

கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டி வெட்டிக் காட்டினேன். அத்தை தன் சிலிண்டரின் உபரிக் காற்றுக்குழாயை என் வாயில் செருகினார். தோள்வாரைப் பிடித்து, அவசரமே இல்லாமல் என்னை மேலே கொண்டுவந்தார். வழியில் பலகையை வாங்கி அவரும் ஒரு வரி எழுதினார்: 'மூச்சு விடுங்க மாப்பிள்ள. கட்டுரை அப்புறம்.'

தலை வெளியே வந்ததும், "வீட்ல சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க," என்றார்.

நடந்ததை நடந்தபடியே அறிக்கை தந்தேன். படித்த தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா! இந்த வயசுல அவங்களை இவ்வளவு பெரிய சுமையைத் தூக்க வெச்சிருக்கோமே. இனிமே தண்ணில இறக்கவே கூடாது."

"சுமை நான்தானே சார்?"

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்."

உடனே அத்தைக்குக் 'கரையேற்று விழா' ஏற்பாடாயிற்று. 'இனி கடலே உங்களைத் தேடி வரும்!' என்று முழங்கி, ஆளுயர மீன்தொட்டி ஒன்றைத் தலைவர் பரிசளித்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அத்தை தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, மைக்கை வாங்கினார்.

"தொட்டி ரொம்ப அழகா இருக்கு. நான் பக்கத்துத் துறைச் சங்கத்துப் படகுல நேத்தே சேந்துட்டேன், காலைல கிளம்பணும். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இதை வாங்கினது மீனை வெக்கவா, என்னை வெக்கவா?"