மேட்சிங் மாஸ்டர் கலந்த பீட்சா சாஸ்

நாக்கை நம்பாமலே அறுபது வயது வரை வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் மேட்சிங் மாஸ்டர்தான். காபியைக் குடித்துப் பார்த்துவிட்டுக் குறை சொல்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ரெண்டு ஷேடு கம்மியா கீது" என்று சொல்லி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் திருப்பி அனுப்பியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆரணியில் நான் சர்வேயராக வேலை பார்த்த நான்கு வருடமும் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். கீழே அவர் வீடு, பின்னால் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது தொழில். ஜவுளிக்கடைக்காரர் ஒரு புடவையின் நுனியைக் கிழித்துக்கொண்டு வந்து இதே நிறம் வேண்டும் என்றால், அச்சு அசலாக அதே நிறத்தில் நூலை எடுத்துக் கொடுத்துவிடுவார். அப்படி வந்த பெயர்தான் மேட்சிங் மாஸ்டர். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று தபால்காரருக்கே தெரியாது.

சேவூரில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். தாலி கட்டுகிற நேரம். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பெண்ணின் புடவைக்கும் ரவிக்கைக்கும் ஒரே தடவையில் சாயம் ஏற்றவில்லை, அது வேறு லாட்டு, இது வேறு லாட்டு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் மெதுவாகப் பேசினால் நாகஸ்வரத்தைத் தாண்டிக் கேட்கும். புடவை எடுத்தது யார் என்று இரண்டு வீட்டுக்கும் ஆரம்பித்த பேச்சு, பந்தி முடிகிறவரை ஓயவில்லை. எங்கள் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை. பாயசமும் லைட் ஷேடுதான், விடுங்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இவரோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவர் சரோஜாம்மா. குழம்பு ஊற்றும்போது உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கமாட்டார், கலர் சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்பார். பெங்களூரில் மகள் கவிதாவும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தை தன்யாவைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று சொல்லி சரோஜாம்மாவை அழைத்துப் போனார்கள். அந்த மூன்று மாதம் இரண்டாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது.

மனைவி இல்லாதது கஷ்டமாக இருக்கிறது என்று மாஸ்டர் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியேறி வருவார். "சர்வேயர் சார், பெங்களூரு இங்கேர்ந்து எவ்ளோ தூரம்?" என்பார். சொல்வேன். "நல்லா பாத்து சொல்லுங்க, நீங்க அளக்கறவராச்சே" என்பார். போன வாரத்தைவிட ஒரு கிலோமீட்டராவது குறைந்திருக்காதா என்கிற நப்பாசை முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். குறையவில்லை என்று தெரிந்ததும் இறங்கிப் போய்விடுவார். அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடாது.

பொங்கலுக்கு எல்லோரும் வந்தார்கள். ஆறு வயது தன்யா சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற குழந்தை. பெங்களூரில் ஒரு குறிப்பிட்ட கடையின் பீட்சா என்றால் மட்டும் வாயைத் திறக்கும், அதுவும் அந்தச் சிவப்பு சாஸுக்காக. மாஸ்டர் உள்ளூர் பேக்கரியில் ஒரு பீட்சா வாங்கி வந்தார். குழந்தை ஒரு கடி கடித்துவிட்டு, "தாத்தா, இது கெட்சப்" என்று தட்டைத் தள்ளிவிட்டது. பாலிலும் பிஸ்கட்டிலும் இரண்டு நாள் ஓடியது. ஒரு வாரம் இருப்பதாக வந்தவர்கள் மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள்.

"கொழந்த பட்டினி கெடக்குது, நான் இன்னா பண்றது? மே மாச லீவுக்கும் இங்க இட்டுகினு வர முடியாது போல கீதுங்க" என்றார் சரோஜாம்மா, பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு. குழந்தை வராவிட்டால் அவரும் வரமுடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே மாஸ்டர் முடிவுக்கு வந்துவிட்டார். உலகத்தில் மேட்ச் பண்ண முடியாத கலர் என்று ஒன்று கிடையாது, அந்த சாஸையும் பண்ணிவிடலாம் என்றார்.

அதே கடைக்கு வேலூரில் ஒரு கிளை இருந்தது. அடுத்த சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பீட்சா மேசைக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து நாலு இழை வெள்ளைப் பட்டு நூலை எடுத்தார். சீஸை ஓரமாக ஒதுக்கி, அடியில் இருந்த சாஸில் நூலைத் தோய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பக்கத்து மேசைப் பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு, "இதுல இன்னா சாயம்மா போடறீங்க?" என்று கேட்டார்.

நான் வேறு சர்வே வேலையிலிருந்து நேராக வந்ததில் அளவு டேப்பும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தேன். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து மேனேஜர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். சாயம் எதுவும் கிடையாது என்று சத்தியம் செய்யாத குறை. நீங்களே எடுத்துப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று, நாலு சின்னக் கிண்ணங்களில் சாஸை ஊற்றி மூடிபோட்டுக் கொடுத்தார். ஓமம் மாதிரி மணக்கிற ஓரிகனோ தூள் பொட்டலங்கள் மேசையில் இருந்தன. அவற்றையும் மாஸ்டர் கை நிறைய அள்ளிக்கொண்டார். நாங்கள் அதிகாரிகள் இல்லை என்று சொல்ல நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன். மாஸ்டர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்து சாஸில் புது நூலைத் தோய்த்து அடுக்களை ஆணியில் மாட்டினார். அதுதான் மாதிரி. இனி அவர் பண்ணுகிற சாஸில் தோய்த்த நூல் அந்த நூலோடு ஒத்துப் போக வேண்டும். ருசி பார்க்கிற சில்லறை வேலை எனக்கு.

முதல் தடவை நாட்டுத் தக்காளியை அரைத்து ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் பிரிகிறவரை வதக்கினார். நம் ஊரில் யார் தக்காளியை அடுப்பில் ஏற்றினாலும் அது தொக்காகத்தானே முடியும்? ஒரு வாரம் தோசைக்குத் தொட்டுக்கொண்டேன். நூல் செங்கல் நிறத்தில் இருந்தது. இரண்டாவது தடவை காஷ்மீர் மிளகாய்த்தூளைக் கொட்டினார். அந்த வாரம் நான் பேசியதைவிட விக்கியது அதிகம். மூன்றாவது தடவை தக்காளியோடு பீட்ரூட்டையும் போட்டுக் கொதிக்கவைத்தார். நூலை மாதிரியோடு சேர்த்துப் பிடித்தார், தெருவே வந்து பார்த்தது, நிறம் அப்படியே ஒத்துப்போனது. நான் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். குழந்தைகளுக்குக் கொடுக்கிற இருமல் மருந்து. தயங்கித் தயங்கிச் சொன்னேன். நாக்கு பொய் சொல்லும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரி அவருக்குச் சத்தம் கேட்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

மறுநாள் காலையில் கதவைத் தட்டினார். கையில் இரண்டு நூலும் இருந்தன. கடை நூல் காய்ந்தும் பளிச்சென்றே இருந்தது, இவர் நூல் காய்ந்ததும் கறுத்துப்போயிருந்தது.

"ஈரத்துல பாத்து ஏமாந்துட்டேன் சார். கொதிக்க வெச்சா தக்காளி இப்டித்தான் கறுக்குது. அவங்க அடுப்புலயே ஏத்தல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாஸை அப்படியே தடவி, அது பீட்சாவோடு சேர்ந்து அடுப்பில் வேகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நாலு இழை நூலை வைத்துக்கொண்டு அதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

அப்புறம் ஒரு சின்னச் சண்டை. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் நீரும் ஜாஸ்தி, சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளிதான் சரிப்படும் என்றேன். மாஸ்டர் முடியவே முடியாது என்றார்.

"அந்த ஊரு பேர எடுக்காதீங்க சார். ஒரு ஆள இட்டுகினு போனது போறாதா?"

மனைவி இல்லாததைப் பற்றி அவர் சொன்னதிலேயே அதிகம் அதுதான். மறுநாள் மார்க்கெட்டிலிருந்து அவரே இரண்டு கிலோ பெங்களூர் தக்காளியோடு வந்தார்.

வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்துத் தோலை உரித்தார். விதையை வழித்துப் போட்டுவிட்டுக் கொரகொரப்பாக அரைத்தார். சுத்தமான வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் சொட்டி முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கெட்டியாக நின்ற விழுதில் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, நசுக்கிய பூண்டு, ஓரிகனோ, ஒரு கரண்டி எண்ணெய். அவ்வளவுதான். கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் வெளியே எடுத்தார். நூல் ஒத்துப்போனது. நாக்கும் ஒத்துப்போனது. அந்தக் கடை சாஸேதான். நான் தலையாட்டியதும் மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

உடனே பெங்களூருக்கு ஃபோன். ஸ்பீக்கரில் போட்டார். கவிதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னாள்: "சூப்பர்ப்பா. எப்டின்னு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, நாங்க இங்கியே பண்ணிக்கறோம்."

மூன்று மாதமாக அரைத்தோம், வடித்தோம், நான் விக்கினேன். வீட்டில் செய்ய முடிகிற சாஸை எந்த வீட்டிலும் செய்யலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. மாஸ்டர் முகம் செத்துப்போனது.

"அங்க வராதும்மா. இது ஆரணி தண்ணிக்குத்தான் வரும்" என்றார்.

அந்த சாஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இருந்ததையும் வடித்துக் கொட்டியவர் அவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஃபோன் கை மாறியது. சரோஜாம்மா, தண்ணியா என்று கேட்டார். ஆமாம் என்றார் மாஸ்டர். அந்தப் பக்கத்திலிருந்து, "சரி, லீவு உட்டதும் வரோம்" என்று கேட்டது.

வந்தார்கள். பத்து நாள் இருந்தார்கள். பேக்கரிக்காரரிடம் ரொட்டி வாங்கி, சாஸ் தடவி, அவர் அடுப்பிலேயே சுட்டு எடுத்து வந்தோம். தன்யா இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவதையும் கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் மாடியேறி வரவே இல்லை.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போயிருந்தேன். கவிதாவும் குழந்தையும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மாஸ்டர் மடித்த காகிதம் ஒன்றை எடுத்துச் சரோஜாம்மாவிடம் நீட்டினார்.

"எல்லாம் எழுதி கீது. தண்ணி கதை சும்மா சொன்னது. கொழந்த நல்லா சாப்புடணும். இனிமே சாஸுக்கோசரம் இவ்ளோ தூரம் அலைய வேணாம்."

சரோஜாம்மா காகிதத்தைப் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்தார்.

"சாஸுக்கோசரமா நான் வந்தேன்?" என்றார். ஏறி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

பஸ் போய் ரொம்ப நேரம் மாஸ்டர் அங்கேயே நின்றார். பிறகு என்னிடம், "சார், அவ இன்னா சொன்னா, கேட்டீங்க இல்ல?" என்றார். கேட்டேன் என்றேன்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

வீடு வந்து சேர்வதற்குள் நாலு தடவை சொன்னேன். இப்போது மாற்றலாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே யாரும் என்னிடம் அப்படி எதையும் திரும்பச் சொல்லும்படி கேட்பதில்லை. மாஸ்டர் கேட்டால் இன்னும் நாற்பது தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.