வாலிபால் வலையில் நீலப் புடவை

குந்தாரப்பள்ளியிலிருந்து ஓசூர் வரைக்கும் விசில் டீச்சருக்குப் பயப்படாத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. சானமாவுக் காட்டு யானையே அவர் விசில் கேட்டுத்தான் திரும்பிப் போனதாக எங்கள் பள்ளியில் சத்தியம் செய்வார்கள்.

அவர் எங்கள் விளையாட்டு டீச்சர். எவளுக்காவது பாவாடையில் கறை பட்டுவிட்டால் விசிலடித்து, பையன்கள் அத்தனை பேரையும் மலையைப் பார்த்துத் திரும்பி நிற்க வைப்பார். அவள் வகுப்புக்குள் போய்ச் சேரும்வரை ஒருவனும் அசையக் கூடாது. பையன்கள் அதை டிரில் என்றே நம்பினார்கள்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நாப்கினை நாங்கள் டிவி விளம்பரத்தில்தான் பார்த்திருந்தோம். பழைய புடவைத் துணிதான் எல்லோருக்கும். துவைத்த துணி ஆண்கள் கண்ணில் பட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். என் பெஞ்சுக்காரி நாகரத்னா அதை மாட்டுக்கொட்டகைக் கூரைக்குள் செருகி வைப்பாள். மழைக்காலத்தில் அங்கே எது காயும்? ஈரத்தோடு வைத்துக் கட்டித் தொடையெல்லாம் புண்ணாகி, உட்கார முடியாமல் அழுதாள்.

டீச்சருக்கு விஷயம் தெரிந்தது. அதன்பின் நாகரத்னா துவைத்துக் கொண்டுவரும் துணி வாலிபால் வலையில், வெயிலில் காய்ந்தது. பந்து துடைக்கிற துணி, தொட்டவன் கையை ஒடிப்பேன் என்று பையன்களிடம் அறிவித்தார். எங்கள் பந்தை யாரும் என்றைக்கும் துடைத்ததில்லை, ஆனாலும் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. புண் ஆறியது. நாகரத்னா கோகோகூட ஆடினாள்.

ரேஷன் கடைக்குப் போன அவள் அம்மா ஒருநாள் மைதானத்தை எட்டிப் பார்த்தார். வலையில் தன்னுடைய நீலப் புடவையின் கரை. கட்டிக் கிழித்தவருக்கு அடையாளம் தெரியாதா? அங்கிருந்தே மகளை இழுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். வெயிலில் காய்ந்த துணியால்தான் பெண் பிழைத்தாள் என்று மன்றாடினார்.

“புண்ணு ஆறிப்போச்சுங்க டீச்சர். அத்தினி பசங்க கண்ணு பட்டுச்சே, அது ஆறுமா?” என்றார் அம்மா.

நாகரத்னாவின் படிப்பு அதோடு முடிந்தது. ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை, அங்கேயே தங்கல்.

அவள் கிளம்பிய அன்று டீச்சர் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். கையில், மாடு கட்டச் சந்தையில் விற்கிற நைலான் கயிறு.

“கொடி கட்டிக்க கண்ணு. வெயில் படற எடமா பாத்துக் கட்டு,” என்றார். பிறகு, “டீச்சர் மேல கோவமா?” என்று கேட்டார்.

நாகரத்னா இல்லையென்று தலையாட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

பஸ் போனதும் டீச்சர் ரோட்டோரத்தில் நின்று அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அடுத்த பஸ் வந்து போகும்வரை விடவில்லை.