ஐம்பது மில்லிமீற்றருக்குள் அடங்காத நிர்வாக சபை

முரசுமோட்டை,
பங்குனி 9.

அன்புள்ள மச்சான் ஜெயந்தன் அறிவது,

நானும் உமது அக்கா கமலாசனியும் மகள் கஜனியும் இங்கு சுகம். காலபோகம் வெட்டி நெல்லும் காய்ந்துவிட்டது. கனடாவில் நீரும் நிசாந்தினியும் சுகமாக இருப்பீர்கள், வாசல் பனியும் இந்நேரம் கரைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் கதைத்தால் அக்கா இடையில் புகுந்து தன் பக்கத்தை முதலில் சொல்லிவிடுவா என்பதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

நீர் கப்பலில் அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்தது என்று முன்பு சொன்னேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை. உள்ளே இருந்த கமராவுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அதோடு வந்த சூம் லென்ஸ் பால்மாப் பேணிகளுக்குக் கீழே கிடந்து கழுத்து முறிந்துவிட்டது. உமது மனம் நோகக்கூடாதென்று மறைத்துவிட்டு, கிளிநொச்சி டவுனில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் கிருசாந்தனிடம் போனேன். புதுச் சூம் என் கைக்கு எட்டாது, சூம் இல்லாத பிரைம் லென்ஸ்தான் மலிவு என்று அவன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று முப்பத்தைந்து மில்லிமீற்றர், மற்றது ஐம்பது. ஐம்பதுதான் விலை குறைவு. பெரியது மலிவாகக் கிடைக்கும்போது சிறியதைக் கூட விலைக்கு வாங்க எனக்கென்ன விசரா? முப்பத்தைந்தில்தான் படத்துக்குள் கூட ஆட்கள் கொள்வார்கள் என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். விலை கூடியதை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்து நான் ஐம்பதையே எடுத்துக்கொண்டேன். லென்ஸின் வாயை 1.8 வரை திறக்கலாம், எண் குறையக் குறைய வாய் பெரிது, வெளிச்சமும் கூட என்றான். இது எனக்கு உடனே விளங்கியது. முப்பத்தொரு வருடம் குளத்துத் துருசைத் திறந்து பூட்டியவன் நான். திறந்தால் தண்ணீர் வரும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. முழுக்கத் திறந்தால் வேறென்ன நடக்கும் என்று அவன் சொல்லத் தொடங்கியபோது பஸ் வந்துவிட்டது, நானும் ஏறிவிட்டேன்.

இப்படியிருக்க, எங்கள் கமக்காரர் அமைப்பின் தெரிவு நடந்தது. பக்கத்து வளவு முத்துலிங்கம் இரண்டே வாக்கால் வீரையாவை வென்று தலைவரானார், நான் செயலாளர். புது நிர்வாக சபையைப் படம் எடுத்து, பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மண்டபத்தில் மாட்டுவதென்று முடிவாகி, கமரா வைத்திருந்த பாவத்துக்கு அந்தப் பொறுப்பும் எனக்கே வந்தது. முன்னால் எட்டுக் கதிரை, பின்னால் எட்டுப் பேர். ஐம்பதுக்குள்ளே நாலு கதிரைதான் கொண்டது. பின்னுக்குப் போனேன், ஆறு கொண்டது. இன்னும் போங்கோ, இன்னும் போங்கோ என்று எல்லோரும் கைகாட்ட, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, உழவு இயந்திரத்தைத் தாண்டிப் போய், கடைசியில் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டேன். முழங்கால் அளவு தண்ணீர். கமராவைத் தலைக்கு மேலே பிடித்தபடி நிமிர்ந்தால் எட்டுக் கதிரையும் அடக்கம்! ஏறி வந்தால் மறுபடி ஆள் குறையும் என்று அங்கேயே நின்று, லென்ஸின் துருசை முழுக்கத் திறந்து அமத்தினேன்.

அந்த நேரம் பார்த்து வீரையா தேத்தண்ணிக் கோப்பையோடு மண்டப வாசலில் வந்து நின்றிருக்கிறார். கமராவோ தலைவரின் தோளுக்கும் பொருளாளரின் தோளுக்கும் நடுவால் போய் அவரைப் பிடித்துவிட்டது. கமராவில் இருக்கிற சின்னத் திரையில் எனக்கு எல்லாம் ஒரே அழகாகத்தான் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கக் கொடுத்துவிட்டேன். பத்திரிகைத் தாளில் சுற்றிக் கண்ணாடியோடு வந்தது. கூட்டத்தில் தலைவரே தாளைக் கிழித்தார். வீரையாவின் மீசையில் நரையை எண்ணலாம், கோப்பையின் வெடிப்புக்கூடத் தெரிந்தது. நிர்வாக சபை முழுவதும் நெல் அவிக்கிற புகைக்குள் இருப்பது போல இருந்தது. முத்துலிங்கம் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்துவிட்டு, "செயலாளர், இதில தலைவர் ஆர்?" என்று கேட்டார். வீரையா தனக்கொரு பிரதி வேண்டுமென்றார்.

அன்றோடு முத்துலிங்கம் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. இருபது வருடமாகப் பொழுதுபட எங்கள் முற்றத்துக் கதிரையில் இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போகாத மனிதர், இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை வேறு ஒழுங்கையால் விடுகிறார். நான் வீரையாவுக்கு வாக்குப் போட்டதாலேதான் இப்படிச் செய்தேன் என்று ஊரெல்லாம் சொல்லுகிறாராம். உண்மையில் நான் வீரையாவுக்குத்தான் போட்டேன். ஆனால் அதைக் கமராவுக்கு நான் சொல்லவில்லை. லென்சை முழுக்கத் திறந்தால் கமரா பிடித்த ஆள் மட்டும் தெளிவாகி மற்றதெல்லாம் மங்கும், கிருசாந்தன் அன்று சொல்ல வந்தது அதுதான் என்று விளக்கம் சொல்லியும் அனுப்பிவிட்டேன். பின்னேரத்தில் அந்த வெறுங்கதிரையைப் பார்க்க எனக்குத் தேத்தண்ணி இறங்குதில்லை மச்சான். உமது அக்கா நேற்றுச் சொன்னது இதுதான்: "லென்ஸ் உடைஞ்சால் தம்பி வேற அனுப்புவான். முத்துலிங்கம் அண்ணையை எங்கேயிருந்து அனுப்புவான்?"

ஆகவே, அந்த ஐம்பதை நான் இனித் தொடமாட்டேன். துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். தயவுசெய்து ஒரு பழைய சூமோ, அது கிடைக்காவிட்டால் அந்த முப்பத்தைந்தோ தேடி, இம்முறை பால்மாவுக்கு மேலே வைத்து அனுப்பவும். எல்லோரும் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுத்து மாட்டினால்தான் எனக்கு நித்திரை வரும்.

உங்கள் வீட்டில் ஒரு குறையும் வராமல் முறிகண்டிப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். அக்காவும் கஜனியும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உமது அத்தான்,
யோகநாதன்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது படலை திறந்தது, முத்துலிங்கம் வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, மாவட்டக் கூட்டத்துச் சிறப்பு மலருக்குத் தன் படம் கேட்கிறார்கள் என்றார். பிறகு, "வீரையாவுக்கு எடுத்த மாதிரியே எனக்கும் ஒண்டு எடும் யோகநாதன்" என்றார். அக்கா தேத்தண்ணி கொண்டுவர, இருந்து இரண்டு கோப்பை குடித்தார். நான் அலுமாரியைத் திறந்து லென்சை எடுத்துவிட்டேன். ஆகையால் மச்சான், சூமும் வேண்டாம், முப்பத்தைந்தும் வேண்டாம். படத்தில் பின்னால் மங்கலாக யாரை நிற்பாட்டுவது என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நிர்வாக சபை முழுக்க நிக்கட்டும்."