என் கடை இரண்டான விவரம்

அன்பும் சட்ட அறிவும் ஒருங்கே வாய்த்த மைத்துனருக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் நலம்; தனித்தனியாக நலம். ஏன் தனித்தனி என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் ஒன்றாகவே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊர் முனையில், பழைய மில் இருந்த இடத்தில், ஒரு ராட்சசக் கடை வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது நீ அறிந்ததே. சோப்பிலிருந்து சோபா வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆணியும் பைப்பும் பெயின்ட்டும் விற்றுப் பிழைக்கிற நான், இனி யார் என் கடைக்கு வருவார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். நல்ல வேளையாக நகராட்சி, இத்தனை சதுர அடிக்கு மேல் கடை கூடாது என்று விதி கொண்டுவர நினைத்து, கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டது. நானும் போனேன். எனக்கு முன்னால் பேசிய மருந்துக் கடைக்காரருக்குக் கைதட்டல் பலமாக விழுந்ததா, எனக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. எழுந்து நின்று, "இந்த அளவே பெரிசு! பாதியாக் குறைங்க!" என்றேன். உன் அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து, "உட்காருங்க, நம்ம கடை எவ்வளவுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள். அந்தக் கைதட்டலில் அது எங்கே காதில் விழுகிறது? "அதுலயும் பாதி!" என்றேன். நகராட்சித் தலைவி நெகிழ்ந்துபோய் அப்படியே தீர்மானம் போட்டுவிட்டார். என்னைத் தோளில் தூக்காத குறை.

அடுத்த வாரமே நகராட்சி இன்ஜினியர் டேப்போடு வந்தார். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று டீ வரவழைத்தேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே கடையை அளந்தார், பைப் அடுக்கும் ஷெட்டை அளந்தார், சிமென்ட் கிடங்கை அளந்தார், மழைக்காக நான் இழுத்துவிட்ட தகரக் கூரையையும் விடவில்லை. "எல்லாம் ஒரே கூரை சார். நீங்க கேட்ட அளவை நீங்களே தாண்டிட்டீங்களே!" என்று சிரித்தார். "அப்போ அந்த ராட்சசக் கடை?" என்றேன். "அவங்க நடுநடுவுல சுவர் வெச்சு ஏழெட்டு கடையாப் பிரிச்சு பிளான் குடுத்துட்டாங்க. ஒவ்வொண்ணும் சின்னக் கடைதான்." அதற்குள் போன் வர, பேசிக்கொண்டே போய்விட்டார்.

நீயே சொல்லு மச்சான், அவ்வளவு பெரிய கடை சின்னக் கடையாம், என் கடை பெரிய கடையாம், எனக்குத் தலை கிறுகிறுன்னு வந்துடுச்சு. சீல் வெச்சுடுவாங்களோன்னு பயந்து, அவங்க செஞ்சதையே நாமும் செய்வோம்னு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கடைக்கு நடுவுல சுவர் எழுப்பிட்டேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உன் அக்கா. எழும்பின பிறகுதான் பார்க்கிறேன், ஆணியெல்லாம் என் பக்கம், சுத்தியலெல்லாம் அவ பக்கம். சரி, நம்ம வியாபாரம்தானேன்னு, "பக்கத்துக் கடையில கேளுங்க"ன்னு ஆளுங்களை அனுப்புறேன். போனவங்க யாரும் திரும்பி வர்றதில்லை. என்னடான்னு எட்டிப் பார்த்தா, உன் அக்கா தனியா ஆணி வரவழைச்சு வெச்சிருக்கா! கேட்டா, "வாங்க வர்றவங்களை அலைய விடலாமா?"ங்கறா. "பக்கத்துக் கடைக்காரர் நல்லவர்தான், கொஞ்சம் சிடுமூஞ்சி"ன்னு யாரோ ஒரு அம்மாகிட்ட சொன்னதைச் சுவத்துக்கு இந்தப் பக்கம் என் காதால கேட்டேன். சாயங்காலம் ஒரே வீட்டுக்குத்தான் போறோம். "வியாபாரம் எப்படி?"ன்னா, "அதெல்லாம் போட்டிக் கடைக்காரர்கிட்ட சொல்றதில்லை"ங்கறா.

ஆகவே நீ உடனே கிளம்பி வந்து, நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. ஜெயித்திருந்தால் யாரை என்பதையும் சொல்லவும்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசாமல், நீண்ட காலம் நிம்மதியாக வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும் நேரத்தில் இன்ஜினியர் பல்பு வாங்க வந்தார். "எதுக்கு சார் இந்தச் சுவர்? விதி புதுசா வர்ற கடைக்கு மட்டும்தானே! அன்னைக்கு நான் சும்மா கணக்கெடுக்க வந்தேன்" என்றார். கடப்பாரையோடு ஓடினேன். உன் அக்கா குறுக்கே நின்று, "இது என் கடைச் சுவர். கை வெச்சா கேஸ் போடுவேன்" என்கிறாள். எனவே நீ வர வேண்டாம். அவளுடைய வக்கீலே நீதானாமே. நேற்றே போனில் பேசி முடித்துவிட்டீர்களாமே!