தள்ளுபடியில் வந்த நொட்டாங்கை

துப்பாக்கியின் இழுபிடி இடது பக்கம் இருக்கிறது என்பதை, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசைமேல் வைத்து, எதிரே உட்கார்ந்து ஒரு குவளை காப்பியையும் குடித்து முடித்த பிறகுதான் வெண்டெல் கவனித்தான்.

தலைகீழாக வைத்துவிட்டோமோ என்று திருப்பி வைத்தான். பிடி துப்பாக்கிக்கு அடியில் போய் மறைந்தது. மறுபடி திருப்பினான். இடது பக்கமேதான்.

"என்ன, கல்யாணப் பொண்ணப் பாக்கற மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கற?" என்றாள் அவன் மனைவி கிரெட்சன்.

"தோட்டாவ உள்ள தள்ற பிடி இந்தப் பக்கம் இருக்கு."

"எந்தப் பக்கம் இருக்கணும்?"

"அந்தப் பக்கம்."

கிரெட்சன் வேட்டைக்கார வீட்டில் பிறந்தவள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரே பார்வை பார்த்தாள். "வெண்டெல், இது நொட்டாங்கைக்காரங்களுக்குச் செஞ்ச துப்பாக்கி. எங்கப்பாகிட்ட இருக்கே, அதே மாதிரி."

"அதான் அவ்வளவு மலிவா குடுத்தானா!" என்று வெண்டெல் தலையில் கை வைத்துக்கொண்டான். வலது கை.

விஸ்கான்சினின் வடக்கு மூலையில் அந்தச் சின்ன ஊர் நூலகத்தில் அவனுக்கு வேலை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மாமனார் ஹால்வர் அவனிடம் பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு அஞ்சலட்டை நிரம்பாது; அதிலும் பாதி, 'உப்பை இப்படித் தள்ளு' என்பதாக இருக்கும். அப்படிப்பட்டவர் இந்த அக்டோபரில் திடீரென்று, "மான் வேட்டைக்கு வா. துப்பாக்கி கொண்டு வா" என்று சொல்லிவிட்டார். ஆறு வார்த்தை. வெண்டெலுக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினான். துப்பாக்கிக்கு கிரெட்சன் ஒதுக்கியது நானூற்றைம்பது டாலர். "தொலைநோக்கி, தோட்டா எல்லாம் அதுக்குள்ளதான். காருக்குப் பனிக்கால டயர் போடணும், ஞாபகமிருக்கட்டும்."

நூலகத்திலிருந்த வேட்டைப் பத்திரிகைகள் அத்தனையையும் படித்துக் கட்டம் கட்டமாகக் குறிப்பெடுத்தான். துப்பாக்கியில் மிச்சம் பிடி, தொலைநோக்கியில் பிடிக்காதே. எடை குறைந்தால் தோளில் உதை கூடும். பழையதென்றால் குழலுக்குள் விளக்கடித்துப் பார். எல்லாம் சரி. இழுபிடி எந்தப் பக்கம் என்று பார்க்கும்படி எந்தப் பத்திரிகையும் சொல்லவில்லை.

துப்பாக்கிக் கடைக்காரன் கென்னி முதலில் காட்டியது, பிளாஸ்டிக் கட்டை போட்ட விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. இரண்டாவது பழையது, விளக்கடித்தால் குழலுக்குள் துரு. மூன்றாவது வால்நட் மரக் கட்டை, வழவழவென்ற குழல், நூற்றைம்பது டாலர் தள்ளுபடி. "இவ்வளவு நல்ல துப்பாக்கி ஏன் இத்தனை நாள் விக்கல?" என்று கேட்டதற்கு கென்னி, "அதுக்குன்னு ஒருத்தர் வரணும் இல்லையா?" என்றான். தன்னைத்தான் புகழ்கிறான் என்று வெண்டெல் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

"தள்ளுபடியில போனது திரும்பி வராது," என்றான் கென்னி, சுவரிலிருந்த பலகையைக் காட்டி.

"இது இடது கைத் துப்பாக்கின்னு நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே? நொட்டாங்கைப் பழக்கம் போலிருக்குன்னு நினைச்சேன்."

வெண்டெல் அந்தப் பலகையை மறுபடி படித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெரிய கை தோளில் விழுந்தது. ஹால்வர்.

அவர் அவனைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைத்தான் பார்த்தார். அவருடைய நரைத்த மீசை மெல்ல மேலே ஏறியது. சிரிக்கிறார் என்பது வெண்டெலுக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று.

"மாப்ளே, நீயும் நொட்டாங்கையா?"

இல்லை என்பது ஒரு சின்ன வார்த்தை. ஆனால் மூன்று வருஷத்தில் முதல் முறையாக 'மாப்ளே' என்று கூப்பிட்டிருக்கிறார்.

"ஆமா மாமா," என்றான் வெண்டெல்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையேடா! இந்தக் குடும்பத்துல நான் ஒருத்தன்தான்னு இருந்தேன். இந்த உலகமே சோத்தாங்கைக்காரனுக்காகச் செஞ்சது மாப்ளே. கத்திரிக்கோல்லேர்ந்து கதவு வரைக்கும். நமக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்!" கடையென்றும் பாராமல் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கிரெட்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, எங்கப்பா பொய் சொல்றவன வாசப்படி ஏத்த மாட்டார்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் மீன் வறுவல் சாப்பிடக் குடும்பத்தோடு போனார்கள். ஹால்வர் மேசையின் இடது கோடியைக் காட்டினார். "இங்க வா, எம் பக்கத்துல. முழங்கை இடிக்காது."

இடது கையில் முள்கரண்டி ஒரு தனிப் பிராணி. மீனைக் குத்தினால் முட்டைக்கோஸ் வந்தது. சூப்பில் பாதி சட்டைப் பைக்குப் போயிற்று.

"வீட்டுல சின்ன வயசுல அடிச்சு மாத்தப் பாத்தாங்களோ?" என்றார் ஹால்வர் கரிசனமாக.

"ஆமா மாமா. ரொம்ப அடி."

கிரெட்சன் இருமிக்கொண்டே கழிவறைப் பக்கம் போய்விட்டாள். மறுநாள் ஹால்வர் வீடு தேடி வந்து இடது கைக்காரர்களுக்கான கத்திரிக்கோல், டப்பா திறப்பான், உருளைக்கிழங்கு சீவும் கத்தி மூன்றையும் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுட்டுப் பழகும் மைதானத்தில் புதுச் சங்கடம். இடது தோளில் வைத்தால் இடது கண்ணால் பார்க்க வேண்டும். வலது கண்ணை மூட வேண்டும். வெண்டெலுக்கு வலது கண் தனியாக மூடவே மூடாது. மூடினால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொண்டு சுட்டதில், பக்கத்து ஆளின் இலக்குத் தாளில் ஒரு ஓட்டை விழுந்தது.

"பழகணும் மாப்ளே," என்றார் ஹால்வர். "நானும் ஆரம்பத்துல இப்படித்தான்."

பழகினான். கண்ணாடி முன்னால், காரில், நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்தும்போது. புதன்கிழமை மத்தியானம் ஒரு வழியாக வலது கண் தனியாக மூடியது. மூடிய நேரத்தில் எதிரே சமையல் புத்தகத்தோடு நின்றவள் அடலின் அம்மாள். எழுபத்திரண்டு வயது விதவை.

வியாழக்கிழமை அடலின் அம்மாள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, ஆப்பிள் கேக் செய்து எடுத்து வந்தாள். வெண்டெல் பதறிப்போய், "கண்ணடிச்சது உங்களப் பாத்து இல்லம்மா, வேட்டைக்குப் பழகினேன்," என்றான்.

"வேட்டையா! இந்த வயசுல என்னைய இப்படி யாரும் சொன்னதில்ல," என்று அவள் கேக்கை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினாள்.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கிரெட்சன் இந்த முறை அவ்வளவாகச் சிரிக்கவில்லை. "கேக் நல்லாத்தான் இருக்கு. போய் அந்த மானச் சுட்டுட்டு, மொதல்ல மனுஷனா திரும்பி வா," என்றாள்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம் காட்டுக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மேற்கூரையெல்லாம் பனி. உள்ளே விறகடுப்பு, வரிசையாக மாட்டிய ஆரஞ்சுச் சட்டைகள், ஈரக் கம்பளிக் காலுறை வாசனை. ஹால்வரின் அண்ணன் ஓட்டோதான் அங்கே சமையல். எழுபதைத் தாண்டிய மனிதர்; அதிகம் பேச மாட்டார்.

வந்ததும் வராததுமாக ஹால்வர் எல்லோரையும் கூட்டி வைத்து, "இது என் மாப்ளே. என்னைய மாதிரியே," என்று இடது கையை உயர்த்திக் காட்டினார். அவருடைய குரல் லேசாகக் கம்மியது. வெண்டெலும் இடது கையை உயர்த்தினான்.

ஹால்வரும் மற்றவர்களும் மரத்தில் ஏறி உட்காரும் பலகைகளைச் சரிபார்க்கக் காட்டுக்குள் போனார்கள். வெண்டெல் ஓட்டோவுக்கு ஒத்தாசையாக, பரிசாக வந்த கத்தியால் உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தான். மூன்றாவது கிழங்கில் கட்டைவிரலை வெட்டிக்கொண்டான்.

"ஐயோ!"

ஓட்டோ அடுப்பை விட்டு வந்து, விரலைக் கழுவித் துணி சுற்றினார். ரத்தத்தைப் பார்த்ததும் வெண்டெலுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"பெரிய மாமா, என்னால இனிமே முடியாது. நான் நொட்டாங்கையே இல்ல. துப்பாக்கி மலிவா கிடைச்சுதுன்னு பாக்காம வாங்கிட்டேன். மாமா ஆசையா கேட்டாரேன்னு ஆமான்னுட்டேன். மூணு வாரமா சூப்பு குடிக்கல, கையெழுத்து நிக்கல, ஒரு பாட்டியம்மா கேக் குடுக்குறாங்க."

ஓட்டோ ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. முடிச்சை இறுக்கினார்.

"மாமா வந்ததும் சொல்லிடறேன். போடான்னா போயிடறேன். என்னைய ஒரு மனுஷனா மதிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. அவர ஏமாத்திட்டு நாளைக்கு அவர் பக்கத்துல உக்கார முடியாது."

"சொல்லு. ஆனா நான் இருக்கும்போது சொல்லு," என்றார் ஓட்டோ. "அவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

"ரொம்பக் கோவப்படுவாரா?"

ஓட்டோ எழுந்து போய்க் கதவைத் திறந்து, யாரும் வருகிறார்களா என்று பனியைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால அவன் மாமனார் வேட்டைக்குக் கூப்பிட்டப்ப, அவனும் இதே மாதிரி தள்ளுபடியில ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டிக்கிட்டவன்தாண்டா, அந்த மனுஷன் செத்தே இருபது வருஷமாச்சு, இவனுக்கு இன்னும் கைய மாத்தத் தைரியம் வரல."